ஆந்தைக் கதைக்கு நான் எழுதிய நீதி

எங்கள் பழைய ஆலையின் பாய்லர் பகுதியில் இப்போது வேலை பார்க்கும் ரமேஷ், போன மாதம் என் கைப்பேசிக்கு ஒரு பாட்டு அனுப்பினார். இங்கிலீஷ் பாட்டு. ஏசி அறைக்குள் குடியேறிவிட்ட ஒரு காகம், வெயிலில் நிற்கும் மற்ற காகங்களுக்குப் பொறுமையைப் பற்றி உபதேசம் செய்கிறது. நன்றாகவே எழுதியிருந்தார். கீழே, "யார் பேரும் இல்லியே அண்ணே, குரூப்புல போட்டா இன்னா ஆவும்?" என்று கேட்டிருந்தார். ஒரு வரியில் பதில் சொல்லப் பார்த்தேன், முடியவில்லை. ஓய்வு பெற்றவர்கள் மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி தொழிற்சங்கத்திலும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இரண்டுக்கும் இதுவே பதில்.

நான் ஒன்பதாம் வகுப்பைத் தாண்டாதவன். தண்டையார்பேட்டையில் பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு துறைமுகத்தில் கப்பல் துரு சுரண்டினேன். லாரி கிளீனராக விஜயவாடா போனேன். விசாகப்பட்டினத்தில் ஒரு லாட்ஜில் அறை துடைத்தேன். திரும்பி வந்து எண்ணூர்ப் பக்கம் உப்பளத்தில் கூலி. ஓரிடத்தில் ஒரு வருஷம் முழுசாக இருந்ததில்லை. விஜயவாடா லாரி ஆபீசில் டைப் அடிக்கிறவருக்கு மட்டும் தலைக்கு மேல் விசிறி ஓடும். அது மனதில் நின்றுவிட்டது. முப்பது வயதுக்கு மேல் காலடிப்பேட்டையில் ஒரு சைக்கிள் கடை மாடியில் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டேன். இங்கிலீஷ் புரிந்து அடிக்கவில்லை, எழுத்தைப் பார்த்து எழுத்தை அடித்தேன். புரிவது பிற்பாடு, மெதுவாக, விரல் வழியாக வந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் எண்ணூர் நெடுஞ்சாலையில் இருந்த ஒரு ரசாயன ஆலையில் காண்டிராக்ட் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். ஆலையின் பெயர் வேண்டாம். என் இடம் அலுவலகத்தின் பின்பக்கத்தில் ஒரு சின்ன அறை. ஒரு டைப்ரைட்டர், நகல் எடுக்கும் சைக்ளோஸ்டைல் மெஷின் ஒன்று, அச்சு மைக் குழாய்கள், காகிதக் கட்டுகள். ஊரெல்லாம் கம்ப்யூட்டர் வந்துகொண்டிருந்தது. எங்களுக்கு அது மேனேஜர் அறை வரைக்கும்தான் வந்திருந்தது.

அந்த மேனேஜர் ஸ்ரீதரன் சார். தொழிலாளர் விவகாரங்களைப் பார்க்கும் பர்சனல் மேனேஜர், ஆலையின் பாதுகாப்புப் பொறுப்பும் அவரிடமே. மெலிந்த ஆள். குரலை உயர்த்த மாட்டார். யாரையும் ஒருமையில் அழைக்க மாட்டார். அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது, இங்கிலீஷில் செய்யுள் எழுதுவார். அறையில் பாதி அலமாரி சட்டப் புத்தகம், மீதி இருநூறு முந்நூறு வருஷத்துக்கு முந்தின இங்கிலீஷ்காரர்களின் பாட்டுப் புத்தகம். எல்லாம் மிருகக் கதைகள். நரி பேசும், மயில் வழக்காடும், கழுதை நீதிபதியாக உட்காரும். அதே அச்சில் ஆலையின் காலாண்டு இதழுக்கு இவர் ஒன்று எழுதுவார். தாமதமாக வந்த ஆமை, கேன்டீன் தட்டை வீட்டுக்குக் கொண்டுபோன காக்கை என்று. இங்கிலீஷ் தெரியாதவர்களுக்காகக் கீழே நாலு வரியில் தமிழில் சுருக்கம்.

அதை ஸ்டென்சிலில் வெட்டுவது என் வேலை. இப்போது இருப்பவர்களுக்கு அது தெரியாது என்பதால் சொல்கிறேன். மெழுகு பூசிய தாள். ரிப்பன் படாதபடி விசையை நகர்த்திவிட்டு, வெறும் எழுத்தால் அந்த மெழுகை அறுக்க வேண்டும். மெதுவாக அடித்தால் எழுத்து விழாது. ஓங்கி அடித்தால் இங்கிலீஷ் 'ஓ' எழுத்தின் நடுவட்டம் பிய்ந்து, அச்சில் கரும்புள்ளியாக வரும். தப்பானால் ஒரு சிவப்புத் திரவத்தைத் தடவி, காயவிட்டு, மேலே அடிக்கலாம். ஸ்ரீதரன் சார் செய்யுளுக்கு மட்டும் அந்தத் திரவத்தைத் தொட விடமாட்டார். ஒரு தப்பு என்றாலும் புதுத் தாள்தான். வெட்டி முடித்ததும் என்னைப் படிக்கச் சொல்லி, கண்ணாடி மேஜையில் சிவப்புப் பென்சிலால் தட்டிக்கொண்டே கேட்பார். ஒரு வரிக்கு எட்டு அசை. ஒன்பது வந்துவிட்டால் பென்சில் நின்றுவிடும். நானும் நின்றுவிடுவேன்.

இரண்டிரண்டு வரியாக முடிவெழுத்து ஒத்துப்போகும். கதை முடிந்ததும் ஒரு வரி இடம் விட்டு, 'நீதி' என்று தலைப்புப் போட்டு, உள்தள்ளி இரண்டு வரி. அது இல்லாமல் அவர் ஒன்றுகூட எழுதியதில்லை. கடிதம் அடிக்கும்போது வரி ஓரத்தில் மெஷினின் மணி அடிக்கும். செய்யுளில் அடிக்காது, வரி பாதித் தாளிலேயே முடிந்துவிடும். மணி இல்லாமல் வரி முடிகிற அந்த இடம் என் கைக்குப் பழகிப்போய்விட்டது. யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அவர் என்னிடம் கவிதையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒருமுறை தலைமை அலுவலகத்திலிருந்து வந்த விருந்தாளியிடம் அவர் சொன்னதைத்தான் கேட்டிருக்கிறேன். இங்கிலீஷ் செய்யுளில் இரண்டு வீடு உண்டு, ஒன்றில் புத்தி சொல்வார்கள், மற்றதில் சவுக்கால் அடிப்பார்கள், தான் முதல் வீட்டுக்காரர் என்று சொன்னார்.

அந்த வருஷம் பாதுகாப்பு தினத்துக்கு மூன்று வாரம் முன்னால் கோபால் செத்துப்போனான். எர்ணாவூர்க்காரன், காண்டிராக்ட் ஆள். டேங்கைக் கழுவ உள்ளே இறங்கினான், உள்ளே காற்று இல்லை, விழுந்துவிட்டான். டேங்கில் ஆள் இறங்குமுன் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு முறை இருக்கிறது. மூடியைத் திறந்து காற்றடிக்க வேண்டும். பாதுகாப்பு அதிகாரி காற்றைச் சோதிக்கும் கருவியை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். பார்த்த பிறகுதான் பர்மிட் தாளில் கையெழுத்து. ஆனால் எங்கள் ஆலையில் சனிக்கிழமை சாயங்காலமே ஒரு கத்தை பர்மிட்டில் கையெழுத்துப் போட்டு ஷிப்ட் சூப்பர்வைசரிடம் கொடுத்துவிடுவார்கள். வாரம் முழுக்க அதைக் கிழித்துக் கிழித்துக் கொடுப்பார்கள். கையெழுத்து ஸ்ரீதரன் சாருடையது. கோபால் இறங்கியபோது அவன் பேருக்கும் ஒரு தாள் இருந்தது. பிறகு அந்தத் தாள் காணாமல் போயிற்று. பர்மிட் இல்லாமல் அவனாக இறங்கினான் என்று நிர்வாகம் எழுதியது. அவன் மனைவி செல்வியின் நஷ்ட ஈட்டு மனுவுக்கும் அதுவே பதில்.

பாதுகாப்பு தின இதழுக்கு ஸ்ரீதரன் சார் கொடுத்த செய்யுள் 'அவசரக்கார அணில்'. ஆந்தை பார்த்துச் சொல்லும்வரை மரப்பொந்தில் நுழையக் கூடாது என்பது காட்டின் சட்டம். ஓர் அணில் பேராசையில் நுழைந்து, திரும்பவில்லை. கிளையில் குஞ்சுகள் காத்திருக்கின்றன. நீதி: சொன்னதைக் கேட்டவன் வீடு வருவான், கேளாதவன் பிள்ளைகளைப் பட்டினியில் விடுவான். நான் ஒரு பிழையும் இல்லாமல் வெட்டினேன். அவர் பென்சில் ஓரிடத்திலும் நிற்கவில்லை.

அன்று மரியநாதன், பாய்லர் பதிவுத் தாள்கள் வாங்க என் அறைக்கு வந்தார். ராயபுரம் கோயில் தெருக்காரர், பாய்லர் ஆபரேட்டர், நிரந்தரத் தொழிலாளி. மாலைக் கல்லூரியில் இங்கிலீஷ் இலக்கியம் படித்து, பழைய காலத்துச் செய்யுள் தாளில் மூன்று முறை தோற்று, விட்டுவிட்டவர். காய்ந்துகொண்டிருந்த அச்சுத் தாளை எடுத்துப் படித்தார். படித்துவிட்டு என் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"செத்தவனுக்கு இவரு புத்தி சொல்றாரா, ஏழு?"

என் பேர் ஏழுமலை.

"இது புத்தி சொல்ற வூட்டுப் பாட்டுன்னு சொல்லிகினு திரியறாரு. இதுவும் சவுக்குதான் நைனா. ரெண்டும் ஒரே மாடு. யார் வூட்டு வாசல்ல கட்டினா யாரை முட்டும்ங்கறதுதான் விஷயம்."

இரண்டு நாள் கழித்து ஒரு தாளோடு வந்தார். இங்கிலீஷில் இருபத்துச் சொச்சம் வரி. தலைப்பு 'ஆந்தையின் இறகு'.

"தலைமை ஆபீஸ்லேர்ந்து டைரக்டருங்க வராங்க. சார் பாட்டுக்கு அடுத்த பக்கம் இது இருக்கணும். செய்வியா?"

"மாட்டினா?"

"இன்னா மாட்டறது? அந்தக் காலத்துல அங்க ராஜாவைத் திட்டணும்னா மிருகத்தைத்தான் பேச வெச்சான். பேர் சொன்னா ஜெயிலு. மிருகம் பேசினா மிருகத்தைத்தான் புடிக்கணும். இந்த ஆந்தை நான்தான்னு யாரு எழுந்து சொல்லுவான்? சொல்றவன் வாயாலயே ஒத்துகினான்னு அர்த்தம்."

கதை இதுதான். பொந்தைப் பார்த்து முடித்ததற்கு அடையாளமாக ஆந்தை வாசலில் ஓர் இறகைப் போட வேண்டும். ஆந்தைக்கு உடம்பு பருத்தது, பாட்டில் ஆசை வந்தது. சனிக்கிழமையே மார்பிலிருந்து ஒரு பிடி இறகைப் பிடுங்கிக் கீரியிடம் கொடுத்துவிட்டது. கீரி பொந்துக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போயிற்று. அணில் இறகைப் பார்த்தது, நம்பியது, நுழைந்தது. அன்று சாயங்காலம் ஆந்தை கிளையில் உட்கார்ந்து அணில்களின் அவசரத்தைப் பற்றி ஒரு பாட்டுப் பாடியது. காடு கைதட்டியது. பாடி முடித்தபோது இறகு இல்லாத இடத்தில் ஆந்தைக்குக் குளிர் அடித்தது. அவ்வளவுதான், அதோடு முடிந்துவிட்டது.

சாப்பாட்டு நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு வெட்டினேன். முடித்துப் பார்த்தால் தாளின் அடியில் நாலு விரல் இடம் காலி. நீதி இல்லை. மனுஷன் மறந்துவிட்டார் என்று நினைத்தேன். என் கை வழியாகப் போன மிருகப் பாட்டு எதற்கும் நீதி இல்லாமல் இருந்ததில்லை. இது இல்லாமல் போனால், படிக்கிற டைரக்டர்கள் எங்கள் ஆளுக்கு முறை தெரியவில்லை என்று சிரிப்பார்களே என்று பட்டது. அவரைப் போய்க் கேட்கலாம் என்றால் ஷிப்டில் இருந்தார். நானே எழுதினேன். விரல் விட்டு எண்ணினேன், எட்டு, எட்டு. முடிவெழுத்து ஒத்துவந்தது. வாழ்க்கையில் நான் எழுதிய செய்யுள் அந்த இரண்டு வரிதான். தமிழில் சொன்னால்: பார்க்குமுன்னே கையெழுத்திட்டு வைப்பவன், விழுந்தவனுக்குப் புத்தி சொல்ல வாய் திறக்காமல் இருக்கட்டும்.

எனக்கு அது பிடித்திருந்தது. அன்று சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

பாதுகாப்பு தினத்தன்று ஷாமியானாவில் நாற்காலிக்கு ஒரு இதழ் வைத்தேன். ஒரு வயதான டைரக்டர் இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டுச் சிரித்து, இரண்டும் ஒரே கையா என்று ஸ்ரீதரன் சாரைக் கேட்டார். சார் வாங்கிப் பார்த்தார். அவர் முகத்தில் முதலில் கோபம் வரவில்லை. உதடு அசைந்தது, அசை எண்ணிக்கொண்டிருந்தார். கடைசிக்கு வந்ததும் உதடு நின்றது. இதழை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார்.

மரியநாதன் என்னைத் தேடி வந்தார்.

"கடைசி ரெண்டு வரி யாருது?"

"நீதி வேணாமாண்ணா? நீங்க உட்டுட்டீங்கன்னு நான்..."

"நீதி எழுதறவன் படிக்கறவனை மடையன்னு நினைக்கறான் ஏழு. நையாண்டின்னா நீதியை அவன் அவன் வாய்க்குள்ள சொல்லிக்கணும். நாம எழுதக் கூடாது." பிறகு ஒருமுறை அந்த வரிகளை முணுமுணுத்தார். "நல்லாத்தான் கீது. அதான் பேஜாரு."

அவர் ஒளியவில்லை. கேட்டதும் தான் எழுதியது என்றார். டைப் அடித்தது வெளியே ஓர் இன்ஸ்டிட்யூட்டில், இதழுக்குள் செருகியதும் தானே என்றார். மேலதிகாரியை அவதூறு செய்தார், நிர்வாகத்துக்குக் களங்கம் உண்டாக்கினார் என்று குற்றப் பத்திரிகை. நிரூபணமானால் வேலை போகும் என்று அதிலேயே எழுதியிருந்தது. அதை அடித்தது நான். உள்விசாரணைக்கு வெளியிலிருந்து ஒரு வக்கீலைக் கொண்டுவந்தார்கள். கேள்வி பதிலை டைப் அடிக்க என்னை உட்கார வைத்தார்கள். வேறு டைப்பிஸ்ட் இல்லை.

முறை இப்படி. மேஜையின் தலைமாட்டில் வக்கீல். ஒருபுறம் நிர்வாகத்துக்காக ஸ்ரீதரன் சார். மறுபுறம் மரியநாதன், அவருக்குத் துணையாகப் பேச சங்கத்து துரைக்கண்ணு, வியாசர்பாடிக்காரர், பேக்கிங் பகுதி. ஓரத்தில் நானும் மெஷினும். அவர்கள் தமிழில் பேசுவார்கள், வக்கீல் இங்கிலீஷில் சொல்வார், நான் கார்பன் வைத்து அடிப்பேன். அன்றன்றைக்குப் பக்கத்துக்குப் பக்கம் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும்.

முதல் நாள் எங்களுடையது. வக்கீல் கேட்டார்: "இந்த ஆந்தை யார்?"

"ஆந்தை சார்," என்றார் மரியநாதன்.

"எந்த ஆந்தை?"

"மரத்துல கீறது."

"யாரை மனசுல வெச்சு எழுதினீங்க?"

"ஆந்தையை வெச்சுதான் சார். மயிலை வெச்சு எழுதியிருந்தா மயில்னு போட்டிருப்பேன்."

துரைக்கண்ணு எழுந்து ஸ்ரீதரன் சார் பக்கம் திரும்பினார். ரொம்ப மரியாதையாகக் கேட்டார். "சார், அந்த ஆந்தை நான்தான்னு நீங்க சொல்றீங்களா? சொன்னீங்கன்னா எழுதிக்கலாம்."

பதில் இல்லை என்று வக்கீல் சொல்ல, அடித்தேன். கை லேசாக இருந்தது. வெளியே டீக்கடையில் துரைக்கண்ணு குதித்தார். "மாமு, வேலை எங்கயும் போவாது. ஆந்தைன்னு ஒத்துக்கவும் முடியாது, இல்லைன்னு சொல்லவும் முடியாது. சிக்கிகினான்!" மரியநாதன் சிரிக்கவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். எனக்குக் காரணம் தெரியும்.

இரண்டாம் நாள் வக்கீல் அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"கதையில ஆந்தை இறகு போடுது. சரி. கீழே கையெழுத்துன்னு இருக்கே. எந்தக் காட்டுல ஆந்தை கையெழுத்துப் போடுது, மிஸ்டர் மரியநாதன்?"

துரைக்கண்ணு தன் கையிலிருந்த இதழைப் புரட்டி அந்த வரியைத் தேடினார்.

"இந்தக் கடைசி ரெண்டு வரியும் நீங்க எழுதினதுதானா?"

கேள்வியை அடித்து முடித்துவிட்டு, விரலைச் சாவிகளின் மேல் வைத்துக் காத்திருந்தேன். அவர் இல்லை என்றால் போதும். மிச்சக் கதையில் ஆந்தை ஆந்தைதான், வேலை தப்பும். ஆனால் அடுத்த கேள்வி, வேறு யார் என்பது. நான் காண்டிராக்ட். எனக்கு விசாரணை கிடையாது, வாசலில் டோக்கனை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். வரப்போகும் நிரந்தரப் பட்டியலில் என் பேர் இருந்தது. அந்தப் பட்டியலையும் நான்தான் அடித்தேன். வீட்டில் மகள் மூன்றாம் வகுப்பு. நான் எழுந்து நின்று சொல்லியிருக்கலாம். விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மரியநாதன் என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஆமா சார். நான்தான்."

ஆமாம் என்பதற்கு இங்கிலீஷில் மூன்று எழுத்து. மூன்றையும் அடித்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. ஸ்ரீதரன் சாருக்கு முகம் தெளிந்தது. எழுந்தார். தன்னைத் திட்டியிருக்கிறது என்பது அவருக்கு மறந்தே போய்விட்டது என்று நினைக்கிறேன். ஒரு செய்யுள் கையில் இருந்தது, கேட்க நாலு பேர் இருந்தார்கள், அவருக்கு அது போதும்.

"இதைப் படிக்கத் தெரியணும். இறகுங்கறது பர்மிட்ல இருக்கற கையெழுத்து. சனிக்கிழமை ஒரு பிடி இறகுன்னு வருதே, அது நாம வார முடிவுல முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு ஷிப்ட்ல கொடுத்து வைக்கற பர்மிட் கத்தை. கீரிங்கறது சூப்பர்வைசர். அணில் இறந்துபோன காண்டிராக்ட் தொழிலாளி. ஒவ்வொரு உருவமும் அப்படியே பொருந்துது. கடைசி ரெண்டு வரியில அதை அவரே உடைச்சுச் சொல்லிட்டார். இந்த ஆலையில யார் படிச்சாலும் ஆந்தை நான்தான்னு தெரியும்."

துரைக்கண்ணு மெதுவாகக் கேட்டார்: "அந்தப் பழக்கம் இருந்துச்சா சார்? முன்கூட்டியே கையெழுத்துப் போடறது?"

"வேலை நின்னுடக் கூடாதுன்னு செஞ்ச ஏற்பாடு அது. அதைத்தான் இவர் கேலி பண்றார்."

"அந்த அணிலு பேர்லயும் ஒரு இறகு இருந்துச்சு. அப்படித்தானே சார்?"

"கதைப்படி, ஆமா. இருந்தது."

துரைக்கண்ணு என்னிடம் திரும்பினார். "ஏழு, சார் சொன்னதை அப்டியே அடி. ஒரு எழுத்து உடாத."

வக்கீலுக்கு அவதூறு நிரூபணமானால் சரி, வேறு எதையும் அவர் கவனிக்கவில்லை. சொல்லச் சொல்ல அடித்தேன். சாயங்காலம் எல்லாரும் பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட்டார்கள். ஸ்ரீதரன் சார் அந்தப் பக்கத்தைப் படித்துப் பார்த்தார். அதில் ஒரு காற்புள்ளியைத் திருத்திவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

மரியநாதனை வேலைநீக்கம் செய்யும் உத்தரவை அடுத்த மாதம் அடித்தேன். அதைக் கையில் வாங்கிக்கொண்டு அவர் பாய்லர் பக்கம் போய், தன் அலமாரியிலிருந்து துண்டையும் சோப்பு டப்பாவையும் எடுத்துக்கொண்டு போனார். விசாரணைப் பக்கத்தின் நகலைத் துரைக்கண்ணு செல்வியின் வக்கீலிடம் கொடுத்தார். பர்மிட் இருந்ததில்லை என்று சாதித்துக்கொண்டிருந்த நிர்வாகத்தின் மேனேஜரே, இருந்தது என்று சொல்லிக் கையெழுத்திட்டிருந்தார். கோபால் சாவுக்கு நஷ்ட ஈடு கொடுக்கும்படி உத்தரவாயிற்று. நிர்வாகம் மேல்முறையீடு செய்தது. ஸ்ரீதரன் சாரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். இதழ் நின்றது. என்னை நிரந்தரம் ஆக்கினார்கள். ஊர் ஊராகத் திரிந்த நான், அதன் பிறகு ஓய்வு பெறும்வரை அந்த ஆலையை விட்டு நகரவில்லை.

மரியநாதன் வேலைநீக்கத்தை எதிர்த்துத் தொழிலாளர் கோர்ட்டில் வழக்குப் போட்டிருந்தார். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு மத்தியானம் அவரைத் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் போய்ப் பார்த்தேன். லாரி லாரியாக ஏறி சீல் சரிபார்க்கிற வேலை. கறுத்துச் சுருங்கிப் போயிருந்தார்.

"அண்ணா, நான் கோர்ட்டுல வந்து சொல்லிடறேன். அந்த ரெண்டு வரி என்னுதுன்னு. அது இல்லைன்னா உங்க மேல கேஸே இல்லை."

"இப்ப இன்னா திடீர்னு?"

"திடீர்னு இல்லண்ணா."

அவர் லாரி நிழலில் உட்கார்ந்தார். "நீ சொன்னா, நான் விசாரணையில பொய் சொன்னேன்னு ஆவும். டைப் அடிச்சவனே உள்கைன்னு ஆவும். அப்பால கம்பெனி வக்கீல் இன்னா சொல்லுவான்? அந்த ரெக்கார்டே செல்லாதும்பான். செல்வி கேஸ் அப்பீல்ல கீது. அந்த ஒரு பக்கத்தை வெச்சுதான் அது நிக்குது." பீடியைப் பற்றவைத்தார். "கம்முனு கெட."

"அப்ப உங்க வேலை?"

"அது போயி நாளாச்சு."

செல்வியின் அப்பீல் அவள் பக்கம் முடிவதற்கும், இவர் வழக்கில் வாதம் முடிவதற்கும் சில வாரங்கள்தான் இடைவெளி. அந்த வாரங்களில் நான் சொல்லியிருக்கலாம். யாரும் என்னைத் தடுக்கவில்லை. நான் போகவில்லை. காரணங்கள் இருந்தன, அவற்றை இங்கே எழுத விரும்பவில்லை.

அவர் வழக்குத் தோற்றது. தீர்ப்பு நகல் வந்த ஞாயிற்றுக்கிழமை என்னை வீட்டுக்கு வரச் சொன்னார். ராயபுரத்தில் பூசை முடிந்து ஜனங்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். முன்னறையில் கட்டிலில் சாய்ந்திருந்தார். கண்ணாடி போட்டும் எழுத்து சரியாகத் தெரியவில்லை என்றார். நகலை என்னிடம் நீட்டினார்.

"ஒன்பதாம் பக்கம் பாரு. கோர்ட்டே அச்சுல போட்டுட்டான்."

தீர்ப்பின் நடுவே, தனியாக உள்தள்ளி, அந்த இரண்டு வரிகள் இருந்தன. மனுதாரர் எழுதியவை என்று மேலே குறித்திருந்தார்கள். அவருடைய இருபத்துச் சொச்சம் வரியில் ஒன்றுகூட அதில் இல்லை. இறகும் இல்லை, ஆந்தைக்கு அடித்த குளிரும் இல்லை.

"படி," என்றார்.

"அண்ணா..."

"சத்தமா படி, ஏழு."

படித்தேன். எட்டு அசை, எட்டு அசை. ஓரிடத்திலும் தட்டவில்லை.

அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கண்ணைத் திறந்து என்னை நேராகப் பார்த்தார்.

"நல்லா எழுதியிருக்கேன் இல்ல?"

வெளியே யாரோ ஸ்கூட்டரைக் கிளப்பினார்கள். அந்தச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தேன்.

"நல்லா எழுதியிருக்கீங்கண்ணா," என்றேன்.